அரைக் கிலோவுக்குள் இரண்டு இரவுகள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மீது குண்டு வீசப் பறந்த பிரிட்டிஷ் விமானிகளிடம் தட்டையான ஒரு சிறு பெட்டி இருந்தது. சிகரெட் டப்பா அளவுதான் இருக்கும். அதற்குள் மால்ட் மாத்திரை, மிட்டாய், தீக்குச்சி, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஹாலசோன் மாத்திரை, மடித்து வைத்த ரப்பர் தண்ணீர்ப் பை, தூண்டில் முள், ஊசி நூல் எல்லாம் இருந்தன. இந்தப் பெட்டிகளை உருவாக்கியது எம்.ஐ.9 என்ற ரகசியப் பிரிவு. அங்கே வேலை பார்த்த கிறிஸ்டோபர் கிளேட்டன் ஹட்டன், மடித்தால் சத்தம் வராத பட்டுத் துணியில் வரைபடம் அச்சடித்தார். சட்டைப் பொத்தானுக்குள் திசைகாட்டியை ஒளித்தார். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி எதிரியின் கண்ணில் படாமல் பதுங்கிப் பதுங்கி எல்லை தாண்ட வேண்டும். பெட்டியில் இருந்த ஒவ்வொரு பொருளும் அந்த ஒரு வேலைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

போர் முடிந்தது, பெட்டி மட்டும் நிலைத்துவிட்டது. பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படையில் பணியாற்றிய ஜான் வைஸ்மேன் 1986இல் வெளியிட்ட உயிர்பிழைப்புக் கையேடு அந்த மரபை உலகெங்கும் கொண்டுபோனது. இன்று ஆன்லைனில் விற்கும் ‘சர்வைவல் கிட்’ எதையாவது திறந்து பாருங்கள். தூண்டில், முயல் பிடிக்கும் கண்ணிக் கம்பி, கம்பி ரம்பம் எல்லாம் வரிசையாக இருக்கும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கொடைக்கானல் சரிவிலோ வால்பாறைக் காட்டிலோ வழி தவறியவருக்கும் அந்த விமானிக்கும் தேவை நேர் எதிரானது. விமானி யார் கண்ணிலும் படக் கூடாது. இவர் எப்படியாவது யார் கண்ணிலாவது பட்டாக வேண்டும். விமானிக்கு வாரக்கணக்கில் பயணம். இவருக்கோ தேடுபவர்கள் வந்து சேரும்வரை ஒரு இரவு, மிஞ்சினால் இரண்டு மூன்று இரவுகள் உயிரோடு இருந்தால் போதும்.

ஒரு பொருளைப் பைக்குள் போடுமுன் இரண்டு கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். என்னைத் தேடி வருபவர் என்னைக் கண்டுபிடிக்க இது உதவுமா? அவர் வரும்வரை என்னைச் சாகாமல் வைத்திருக்குமா? இரண்டுக்கும் இல்லை என்றால் அது எவ்வளவு அழகான பொருளாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

எது கொல்லும், எவ்வளவு நேரத்தில் கொல்லும் என்று மலையேறிகளிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: மூச்சில்லாமல் 3 நிமிடம், கடும் குளிரிலோ வெயிலிலோ காப்பில்லாமல் 3 மணி நேரம், நீரில்லாமல் 3 நாள், சோறில்லாமல் 3 வாரம். கடைசி எண் உண்மையில் குறைத்துச் சொன்னது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி 1956இல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் 76 நாட்கள் உணவின்றி இருந்துதான் உயிர் நீத்தார். மனித உடல் அவ்வளவு நாள் தாங்கும் என்றால், இரண்டு இரவுக்கான பையில் தூண்டிலுக்கும் கண்ணிக் கம்பிக்கும் என்ன வேலை? முதலில் அவற்றை எடுத்து வெளியே வைப்போம்.

நம் ஊர் வாசகர்கள் நம்பத் தயங்குவது குளிரைத்தான். தமிழ்நாட்டில் குளிரில் யாராவது சாவார்களா என்று கேட்பார்கள். கடல் மட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் இறங்கும். தேனிச் சமவெளியில் 30 டிகிரி என்றால் அருகே 2,640 மீட்டரில் நிற்கும் மீசைப்புலிமலை உச்சியில் ஏறத்தாழ 15தான். அதோடு இரவும் மழையும் காற்றும் சேர வேண்டும், அவ்வளவுதான். உடலின் உள்வெப்பம் 37இலிருந்து 35க்குக் கீழே போனாலே மருத்துவர்கள் அதை ஹைப்போதெர்மியா என்பார்கள். அதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. நனைந்த சட்டையும் காற்றும் போதும்.

நனைந்த பருத்திச் சட்டை செய்வது மண்பானை செய்யும் வேலை. நீர் ஆவியாக வெப்பம் வேண்டும். பானை அதைத் தன் தண்ணீரிடமிருந்து எடுக்கிறது, சட்டை உங்கள் உடம்பிலிருந்து எடுக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சட்டையும் பேண்டும் சேர்ந்து அரை லிட்டர் நீரைப் பிடித்து வைத்திருந்தால், அது முழுக்க ஆவியாகச் சுமார் 1,200 கிலோஜூல் வெப்பம் தேவை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் உண்டாக்கும் வெப்பம் 100 வாட் அளவு, அதாவது மணிக்கு 360 கிலோஜூல். உடையை உலர்த்துவதற்கு மட்டுமே உடலின் மூன்று மணி நேரத்துக்கும் மேலான வெப்பம் போய்விடுகிறது. மழை நிற்காவிட்டால் இந்தச் செலவு விடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் என் பட்டியலில் முதல் பொருள் கத்தி அல்ல, தீப்பெட்டியும் அல்ல. ஒரு பெரிய பாலித்தீன் பை. ஆள் உள்ளே உட்காரும் அளவு, 200 கேஜுக்குக் குறையாத தடிமன், ஆரஞ்சு நிறம் கிடைத்தால் இன்னும் நல்லது. பையைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்து மூலை ஒன்றுக்குச் சற்றுக் கீழே முகம் தெரியும் அளவு வட்டமாக வெட்ட வேண்டும். தலையில் போட்டுக்கொள்ளும் முன்பே வெட்டிவிட வேண்டும், மூச்சு முக்கியம். போட்டுக்கொண்டால் மூலை தலைக்குக் கொங்காணிபோல நிற்கும், முகம் வெளியே இருக்கும், மற்றதெல்லாம் உள்ளே. தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் பெண்கள் மழையில் பிளாஸ்டிக் தாளைத் தலையிலிருந்து முதுகு வரை போர்த்திக்கொள்வதன் முழு வடிவம் இது. உடையிலிருந்து நீர் ஆவியாகலாம், ஆனால் அந்த ஆவி பைக்குள்ளேயே நின்றுவிடுவதால் சற்று நேரத்தில் ஆவியாதல் தளர்ந்துவிடும். உள்ளே புழுக்கமாக, ஈரமாக இருக்கும். இருக்கட்டும், சூடு போகாது. தரையில் அப்படியே உட்காரக் கூடாது. முதுகுப் பை, கயிற்றுச் சுருள், காய்ந்த சருகு என்று எதையாவது அடியில் போட வேண்டும். ஈரமண் தொடும் இடத்திலெல்லாம் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

இதற்குப் போட்டியாக எல்லோரும் சொல்வது பளபளப்பான ‘ஸ்பேஸ் பிளாங்கெட்’. 1964இல் நாசாவின் தேவைக்காக உருவான நுட்பம் அது. மெல்லிய பாலியெஸ்டர் தாள்மீது அலுமினிய ஆவியைப் படியவைத்துச் செய்வது. உடல் வீசும் அகச்சிவப்புக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால் காற்று கொண்டுபோகும் சூட்டையும் தரை இழுக்கும் சூட்டையும் அந்தத் தாள் என்ன செய்யும்? ஒரு முள் பட்டால் நீளமாகக் கிழியும், காற்றில் கையில் நிற்காது. 50, 60 கிராம்தான் என்பதால் பைக்குள் வையுங்கள். பாலித்தீன் பையைப் போட்டுக்கொண்டபின் அதற்கு உள்ளே சுற்றிக்கொள்ளும் இரண்டாவது அடுக்காக அது நன்றாக வேலை செய்யும். மினுமினுப்பதால் சமிக்ஞைக்கும் ஆகும்.

குளிர் உடம்பைப் பிடிக்கும்போது முதலில் போவது விரல்கள்தான். சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாது, பொட்டலத்தைக் கிழிக்க முடியாது. அடுத்து புத்தி மழுங்கும். அதனால் எதை வாங்கினாலும் ஒரு சோதனை வையுங்கள். ஐஸ் தண்ணீரில் கையை ஓரிரு நிமிடம் முக்கி எடுத்துவிட்டு அந்தப் பொருளை இயக்கிப் பாருங்கள். விறைத்த விரலுக்கு அடங்காத பொருள் அந்த நேரத்தில் இல்லாத பொருளுக்குச் சமம். கடையில் விற்கும் மிகச் சிறிய பொருட்கள் பாதிக்குமேல் இந்தச் சோதனையில் தோற்றுவிடும் என்பது என் கருத்து.

நடுங்குவது உடல் தனக்குத்தானே வெப்பம் உண்டாக்கும் வழி. ஓய்வாக இருப்பதைவிடச் சில மடங்கு வெப்பம் அதில் கிடைக்கும். ஆனால் அதற்குத் தசையில் சர்க்கரை இருப்பு வேண்டும். இங்கேதான் சாப்பாட்டுக்கு ஒரு சிறிய இடம் உண்டு. கடலை மிட்டாய் நான்கு போதும். கெடாது, ஈரம் படாமல் சுற்றி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், நிலக்கடலைக் கொழுப்பும் வெல்லமும் சேர்ந்து நடுக்கத்துக்கு எரிபொருளாகும்.

இனி, கண்டுபிடிக்கப்படுவது. 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டில் ஒரு பயணிகள் விமானம் இடிமின்னலில் சிக்கி அமேசான் காட்டுக்கு மேலே வானிலேயே சிதறியது. 17 வயது யூலியானே கோப்கே இருக்கையோடு கீழே விழுந்து, கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து, உயிர் பிழைத்தார். அவரிடம் இருந்தது ஒரு பொட்டலம் மிட்டாய். தேடும் விமானங்களின் ஓசை தலைக்கு மேலே கேட்டது. அடர்ந்த மரக் கூரைக்கு அடியில் இருந்த பெண் மேலிருப்பவர்களுக்குத் தெரியவே இல்லை. தேடல் நின்றுவிட்டது. அவருடைய பெற்றோர் அந்தக் காட்டிலேயே ஆய்வு நிலையம் நடத்திய விலங்கியலாளர்கள். ஓடையைப் பிடித்துப் போனால் ஆறு வரும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பார்கள் என்று அவர்களிடம் கற்றிருந்தார். 11 நாள் அப்படிப் போய்த்தான் ஆட்களை அடைந்தார். அவரிடம் அந்த அறிவு இருந்தது. நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை. அவரிடம் இல்லாத ஒன்றை, தன்னைக் காட்டிக்கொள்ளும் கருவியை, நம்மால் சில ரூபாயில் வாங்கிவிட முடியும்.

முதலாவது விசில். கத்தினால் சில மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும். மூச்சு இருக்கும்வரை விசிலை ஊதலாம். நம் காதுக் குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழல். அந்த நீளத்துக்கு 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி ஒத்ததிர்ந்து பெருகும். நல்ல விசிலின் ஒலி அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். உள்ளே உருளும் குண்டு இல்லாத விசிலாக வாங்குங்கள். கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், குண்டு அடைத்துக்கொண்டு விசில் ஊமையான ஆட்டத்துக்குப் பிறகு உருவாக்கிய வகை அது. 1987இல் கடைக்கு வந்தது. எச்சிலோ மழைநீரோ அதை நிறுத்தாது. எப்படி ஊதுவது என்பதற்கும் ஒரு மரபு உண்டு. 1894இல் கிளின்டன் டென்ட் என்ற ஆங்கில மலையேறி முன்வைத்தது: நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் மௌனம், மறுபடி ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் ஊதுவார். அந்த ஒரு நிமிட மௌனத்தைத் தவறவிடாதீர்கள், பதில் காதில் விழுவது அப்போதுதான்.

இரண்டாவது கண்ணாடி. பழைய சி.டி. ஒன்று வீட்டில் கிடந்தால் அதுவே போதும். நடுவில் ஓட்டையும் இருக்கிறது. வானில் சூரியனின் அகலம் அரை டிகிரி. ஆகவே தட்டைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் அரை டிகிரிதான் விரியும். 10 கிலோமீட்டர் தாண்டி அது கிட்டத்தட்ட 90 மீட்டர் அகலப் பட்டையாக விழும். குறி தவறினால் எதிர்மலையில் நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு கையை நீட்டி, இரண்டு விரலை வி வடிவில் விரித்து, தேடுபவரை அந்த இடைவெளியில் பிடியுங்கள். சி.டி.யைக் கண்ணருகே வைத்து ஓட்டை வழியே பார்த்து, ஒளிப்பொட்டு இரு விரல்களிலும் மாறி மாறி விழும்படி ஆட்டுங்கள். நடுவில் இருப்பவர் கண்ணில் பளீரென்று அடிக்கும். சோலைக்காட்டு நிழலிலும் மேகத்திலும் இது உதவாது. புல்வெளியிலும் பாறை முகட்டிலும் இதற்கு இணை இல்லை.

மூன்றாவது உங்கள் கைபேசி. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா அருகே ஓர் இளைஞர் செங்குத்துப் பாறையின் சிறு பொந்தில் சிக்கி, சோறு தண்ணீர் இல்லாமல் 40 மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தார். நண்பர்களுக்குத் தன் இருப்பிடத்தைக் கைபேசியில் படத்தோடு அனுப்ப முடிந்ததால்தான் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தது. வெலிங்டனிலிருந்து போன ராணுவ வீரர்களும் சேர்ந்து கயிற்றில் இறங்கி அவரை மீட்டார்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் கைபேசி கோபுரத்தைத் தேடிக்கொண்டே அதிக சக்தியில் அலையை வீசும், சார்ஜ் மளமளவென்று இறங்கும். ஏர்பிளேன் மோடில் வைத்து, உயரமான திறந்த இடம் வந்ததும் மட்டும் எழுப்புங்கள். பேச்சு போகாத இடத்திலும் எஸ்.எம்.எஸ். சில நேரம் போய்விடும். 112ஐ அழைத்தால் உங்கள் நிறுவனத்துக் கோபுரம் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்துக் கோபுரம் எடுத்துக்கொள்ளும். கைபேசியின் ஜி.பி.எஸ்.ஸுக்கு நெட்வொர்க்கே வேண்டாம். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும். கூடவே ஒரு சிறிய பவர் பேங்கும் அதன் கேபிளும் வேண்டும். வெளிநாட்டு நூல்கள் பரிந்துரைக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது சட்டப்படி குற்றம், விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள்.

தேடல் தொடங்கவே ஒருவருக்குச் சேதி தெரிய வேண்டும். 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டாவில் ஆரன் ரால்ஸ்டன் பாறைப் பிளவில் கை நசுங்கிச் சிக்கியபோது, அவர் எங்கே போயிருக்கிறார் என்று ஒரு ஜீவனுக்கும் தெரியாது. 127 மணி நேரத்துக்குப் பிறகு, டார்ச் வாங்கியபோது இலவசமாக வந்த மொண்ணைக் கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்குமேல் யாரை அழைக்க வேண்டும் என்று நான்கு வரி எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

திசைகாட்டியை வேண்டாத பொருள் என்று ஒதுக்குபவர்கள் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் யான் சவ்மன் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்க வேண்டும். காட்டில் நேராக நடக்கச் சொல்லி ஆட்களை அனுப்பி, ஜி.பி.எஸ்.ஸில் பின்தொடர்ந்தார்கள். சூரியன் தெரிந்தபோது ஓரளவு நேராகவே நடந்தார்கள். மேகம் மூடிய நாளில் வட்டமடித்து, தாங்கள் முன்பு கடந்த இடத்தையே தெரியாமல் மறுபடி கடந்தார்கள். நேராகத்தான் போகிறோம் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். வழி தவறிவிட்டோம் என்று தோன்றிய இடத்திலேயே நின்றுவிடுவது ஏன் நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் வரைபடமும் திசைகாட்டியும் சேர்ந்து வேண்டும். 1992இல் அலாஸ்காவில் கிறிஸ்டோபர் மெக்கண்ட்லெஸ் பெருக்கெடுத்த ஆற்றைக் கடக்க முடியாமல் திரும்பிப் போய்ப் பட்டினியில் இறந்தார். அதே ஆற்றில், அரை மைலுக்கும் குறைவான தொலைவில், கையால் இழுத்துக் கடக்கும் கம்பித் தொட்டில் இருந்தது. அந்த வட்டாரத்தின் விரிவான வரைபடம் அவரிடம் இல்லை.

தண்ணீருக்கு ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டில். அதை நேராக அடுப்பில் வைக்கலாம். சூடு காக்கும் இரட்டைச் சுவர் பாட்டிலை நெருப்பில் வைத்தால் வெடிக்கக்கூடும். கூடவே குளோரின் மாத்திரை. கலங்கிய நீரைக் கைக்குட்டையில் வடிகட்டிவிட்டு மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மட்டும் குளோரினுக்கு அடங்காது, கொதிக்கவைத்தால் சாகும். தொட்டபெட்டா உயரத்தில் நீர் 91 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆனாலும் கிருமிகளுக்கு அது போதும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். இரண்டுக்கும் வழியில்லையா? நா வறண்டு மயங்குவதைவிட ஓடைத் தண்ணீரைக் குடியுங்கள். அதனால் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் நீங்கள் வீடு திரும்பிய பிறகுதான் வரும், அங்கே மருந்து இருக்கும். இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வேண்டும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகலநாபிஸ் காலரா நோயாளிகளுக்கு இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து உயிர்களைக் காத்தார். குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், அதன் பின்னால் நீர் போகும். வெயிலில் வியர்த்து ஓய்ந்த உடலுக்கும் அதே கதவுதான்.

நெருப்பைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் குரங்கணி நினைவு வரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். சுடர் சாய்ந்து மேலிருக்கும் புல்லை முன்னதாகவே உலர்த்திச் சூடேற்றிவிடுவதால், ஏறி ஓடும் மனிதரைவிட அது வேகமாக வரும். குளிர்நாட்டு நூல்கள் நெருப்பை முதலில் வைக்கின்றன. நம் மலையில் கோடையில் அது கொலைகாரன், காப்புக்காட்டில் மூட்டுவது குற்றம். மழைக்காலத்தில் மூட்டுவதே கடினம். எனவே நான் அதைக் கடைசிக் கருவியாக, ஈர இரவில் உயிர் ஊசலாடும் நிலைக்கு மட்டும் என்று வைக்கிறேன்: ஒரு சாதாரண லைட்டர், நனைந்தாலும் பொறி தரும் ஃபெர்ரோ குச்சி ஒன்று. 1903இல் ஆஸ்திரியாவின் கார்ல் ஔவர் என்பவர் கண்டுபிடித்த சீரியம்-இரும்புக் கலவைதான் அது. பற்றவைக்க, வாசலின் தேய்த்த பஞ்சு உருண்டைகள். பஞ்சு திரியாகி வாசலினை இழுத்துக் கொடுப்பதால் ஒரு உருண்டை சில நிமிடம் நின்று எரியும். வெளியே வாசலின் பூசிவிட்டு உள்ளே கொஞ்சம் காய்ந்த பஞ்சு விட வேண்டும், அதைப் பிரித்து இழைகளை விரித்தால்தான் பொறி பிடிக்கும். பூஜை அறைக் கற்பூரமும் அருமையாகப் பற்றும். காற்றுப் புகாத டப்பாவில் போடாவிட்டால் தானே ஆவியாகிக் காணாமல் போகும்.

மருந்தில் சுருக்கமாக இருக்கலாம். இரண்டு கிரேப் பேண்டேஜ், பிளாஸ்டர், வலி மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, நீங்கள் தினமும் போடும் சர்க்கரை அல்லது ரத்தக் கொதிப்பு மாத்திரை மூன்று நாளுக்கு. அட்டைக்குக் கொஞ்சம் உப்பு. பிளேடும் உறிஞ்சு பம்பும் வைத்த பாம்புக்கடிப் பெட்டியை வாங்காதீர்கள். 2004இல் வெளியான ஆய்வில், அப்படி ஒரு பம்பு காலில் செலுத்திய போலி நஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட வெளியே எடுக்கவில்லை. இறுக்கிக் கட்டுவதும் அறுப்பதும் காலைத்தான் கெடுக்கும். முறிந்த எலும்புக்குக் கட்டுவதுபோல் குச்சி வைத்து அசையாமல் கட்டி, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதுதான் சிகிச்சை.

மிச்சம் இருப்பவை நெற்றி விளக்கு ஒன்று, மாற்று பேட்டரி, நல்ல கூரான சிறு கத்தி, பத்து மீட்டர் நைலான் கயிறு, நான்கு ஊக்கு. பாட்டிலையும் கைபேசியையும் பவர் பேங்கையும் விட்டுவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்து அரைக் கிலோவுக்குள் அடக்கிவிடலாம். முதுகுப் பையில் போடாமல் இடுப்பில் கட்டும் பையில் வையுங்கள். ஆற்றில் முதுகுப் பை போய்விட்டால் இது போகக் கூடாது. விசில் மட்டும் கழுத்தில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பேட்டரியில் கசிவு பாருங்கள், குளோரின் மாத்திரையின் தேதி பாருங்கள், கடலை மிட்டாயைத் தின்றுவிட்டுப் புதிது வையுங்கள். மழை பெய்யும் ஒரு மாலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்து பஞ்சு உருண்டையைப் பற்றவைத்துப் பழகிவிட்டு, எரித்ததற்குப் பதில் புதிதாகச் செய்து போட்டு மூடுங்கள்.